இருபதுக்குப் பத்து

கோப்பு சென்னையிலிருந்து ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது.
இருபதுக்குப் பத்து. நான்கு பிரதி.
பாம்பன் பாலத்து இறக்கம், தங்கச்சிமடம்,
மண்டபம், உச்சிப்புளி.
விடிவதற்குள் கட்டியாக வேண்டும்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் என் கடை.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி,
வட்டச் செயலாளர் பிறந்தநாள்
எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின், ஒரே மை.
வந்ததை அடிப்பேன். படிப்பதில்லை.

இதைப் படித்தேன்.
நிறம் பார்க்கப் பெரிதாக்கியபோது
திரை முழுக்க ஒரு பெண்,
நெற்றியிலிருந்து நாடிவரை நடுவே கோடு.
இடப்பக்கம் அவள்.
வலப்பக்கமும் அவள்தானாம்.
மூக்குத்தண்டில் பாறை கிழித்த தழும்பு
கோடு வரை வந்து நின்றுவிட்டது.
முங்கும் கண்ணாடி பதிந்த வளையம்
ஒற்றைக் கண்ணைச் சுற்றி மட்டும்.
மேலே மஞ்சள் எழுத்தில்:
கடல் தந்த கருப்பைக் கடலே கழுவும்.
கீழே க்ரீம் டப்பா, அதைத் தழுவிய பாசிக்கொத்து.

கருப்பு என்றிருந்ததைக் கறுப்பு என்று திருத்தினேன்.
சின்ன ‘ரு’வுக்குப் பெரிய ‘று’.
நான் செய்த ஆட்சேபம் அவ்வளவுதான்.

நான்காம் நாள் கடை வாசலில்
எட்டுப் பெண்கள். சின்னப்பாலத்திலிருந்து
பஸ் மாறி வந்திருந்தார்கள்.
யாரும் கத்தவில்லை.
நான்கு முறை அடித்த முகம்
கோடில்லாமல் என் முன்னால் நின்றது.

“பாசி எடுக்குறதப் பத்திப் படம்னாங்க தம்பி.
முந்நூறு ரூவா, ஒரு கையெழுத்து.
இப்ப எம்மகளப் பள்ளிக்கூடத்துல கேக்குறாளுக,
ஒங்கம்மாவுக்கு எந்தப் பக்கம்டி அசலுன்னு.”

நான் வெறும் அச்சுக்காரன் அக்கா என்றேன்.
நம்புவடிவு மடியிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள்.
மருந்துக்கடைப் பெண் வாசித்துச் சொல்லியிருக்கிறாள்,
பின்பக்கத்து எறும்பு எழுத்தை.
“உள்ள இருக்குறது மரிக்கொழுந்துப் பாசி.
மாசத்துல பன்னெண்டு நாளு முங்கி
நாங்க பிச்சது.
எங்களுக்கும் ஒண்ணு அடி. அதே அளவு.”

நோட்டுத்தாளில் மகள் எழுதித் தந்திருந்தாள்:
இது வேலை செஞ்ச கருப்பு.
டப்பாவுக்குள்ள இருக்குறது எங்க பாசி.
கிலோவுக்கு என்ன குடுத்தீங்கன்னு
அதையும் போர்டுல போடுங்க.

என் விரல் ‘ரு’வின் மேல் போய் நின்றது.
“அத மாத்தாத.”
மாற்றவில்லை.
ஈரம் காயாத பத்து ரூபாய்த் தாள்களை
எண்ணி வைத்தாள் சகாயசெல்வி.
வேண்டாம் என்றிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.
பாலத்தில் வண்டி நிறுத்தி எல்லாரும் படமெடுத்தார்கள்,
இரண்டு பலகையையும் ஒரே சட்டத்துக்குள்.
கீழக்கரை ஃபேன்ஸி ஸ்டோர் ராவியா
பெட்டி பிரிக்காமல் சரக்கைத் திருப்பினாள்.
பாசி ஏற்ற வந்த லாரி
மூன்று நாள் வெறுமனே கிடந்து போனது.
பரமக்குடியிலிருந்து கல்லூரிப் பெண்கள்
முகத்தில் பாதிக்குக் கரி பூசி, முழக்கத்தோடு வந்தார்கள்.
நம்புவடிவு குடத்துத் தண்ணீரைக் காட்டினாள்.
“கழுவுங்க பாப்பா. கரி எதுக்கு,
நாங்கதான் இருக்கோமே.”

பத்தாம் நாள் இன்னொரு கோப்பு.
அதே மஞ்சள் எழுத்து. முகம் இல்லை, வெறும் கடல்.
எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.
அந்த ‘இருந்தால்’ மட்டும்
ஐந்தடி அகலம் வந்தது.
கிலோ விலை எங்கேயும் இல்லை.
அதற்கான பில் இன்னும் பாக்கி.

கோவில் கொடை பேனர் காசு வசூலிக்க
தை மாதம் சின்னப்பாலம் போனேன்.
மணலில் விரித்திருந்தார்கள் அந்தப் பழைய ஃப்ளெக்ஸை,
மேலே பாசி காய்ந்தது.
வெயிலில் மஞ்சள் முதலில் போகும், அப்புறம் சிவப்பு.
நீலம் மட்டும் நிற்கும். மைக்காரனுக்குத் தெரியும்.
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே நீலத்தில் கிடந்தது கன்னம்.
நம்புவடிவு காலால் பாசியைப் புரட்டிக்கொண்டே
அதன்மேல் நடந்தாள்.

சொந்த முகத்தை மிதிக்கலாமா அக்கா என்றேன்.
நிமிராமல் கேட்டாள்:
“எந்தப் பக்கத்த?”