வலது கண்

கட்டிலைத் திருப்பிப் போட்டாயிற்று.
டிவி, காலண்டர், கன்னங்குறிச்சி மலை தெரியும் ஜன்னல்
எல்லாம் இப்போது உன் இடது பக்கம்.
இருபத்தாறு வருஷம் உனக்கு வலப்புறம் படுத்தவள்
நானும் இடம் மாறிவிட்டேன்.

மூளைக்கு அடியில் பாலம் மாதிரி ஒன்று இருக்கிறதாம்,
அதில் மிளகளவு அடைப்பு.
பெரியாஸ்பத்திரியில் சீட்டின் பின்பக்கம்
டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள்.
ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு லாரி படுத்தால்
எங்கெங்கே நிற்குமென்று
எனக்குத் தெரியாதா.

வலது கண் எந்தப் பக்கமும் திரும்பாது.
இடது கண் இடப்புறம் மட்டும் போகும்,
போன இடத்தில் நடுங்கும்.
ஏற்காட்டுக்கு லோடு ஏற்றி
இருபது கொண்டை ஊசியும் ஒற்றைக் கையால் ஒடித்தவன்.
மேலேயும் கீழேயும் பார்க்க மட்டும் தடையில்லை.
சுவரில் பல்லி ஏறுகிறவரை ஏறுகிறாய்,
இறங்கினால் இறங்குகிறாய்,
அது வலப்பக்கம் ஓடியதும்
பாதி வாயால் திட்டுகிறாய்.

ராத்திரி சொட்டு மருந்து, களிம்பு.
இமையை விரலால் இறக்கி
மைக்ரோபோர் ஒட்டுகிறேன்.
முதல் வாரம் புருவ முடியும் சேர்ந்து வந்தது.
இப்போது துண்டு துண்டாகக் கத்தரித்து
ஜன்னல் கம்பியில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்,
பொட்டு ஒட்டி வைப்பதுபோல.

சீட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்டால்
தூங்கிப்போவாயே முன்பெல்லாம்,
நேற்று கேட்டேன்.
மாதையனுக்கு நாற்பதாயிரம் கொடுத்தாயா?
இடது கண் மூடியது.
லேசாகக் குறட்டைகூட வந்தது.
வலது கண் மட்டும் திறந்தே கிடக்கிறது;
கருவிழி மேலே ஏறி
ஒளிய இடம் தேடுகிறது.

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.
உனக்கும்.
வலது கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.
அது அழுகை இல்லை,
இமை தாங்காத தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார்கள்.
இருந்தாலும் முந்தானையால் துடைத்தேன்.

"ரெண்டு வண்டி ஏறுது பாரு" என்றாய், குழறி.
ஜன்னலில் மலை, இருட்டு,
நாலாவது வளைவுக்கு மேலே
ஒரு வண்டியின் வெளிச்சம்.
"ஒண்ணுதான்" என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்து
"முப்பதுதான்" என்றாய்.

இனிமேல் கணக்கெல்லாம்
டேப் ஒட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.