பதினாறு ஓம்

முதலில் அதைத் தொடக் கூடாது.
பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும்
கண்டென்சருக்குள் நானூறு வோல்ட் படுத்திருக்கும்,
குரைக்காத நாய் மாதிரி.
ரெசிஸ்டரை வைத்து மெதுவாக வடித்தேன்.
மீட்டர் இறங்கி இறங்கிப் பூச்சியம் என்றது.
இன்னொரு தடவை பார்த்தேன்.
மீட்டரையும் ஒரே பேச்சில் நம்புகிறவள் இல்லை நான்.

ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர் யூஜின் தாசன்.
பகலில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன்,
ஞாயிற்றுக்கிழமை கீழவாசல் மாதா கோயிலில் கிட்டார்.
தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரன் விற்றுப்போன
வால்வு ஆம்ப்ளிஃபயர்.
நூற்றுப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்ததை
நம் ஊர்க் கரண்டில் நேராகச் செருகியிருக்கிறார்கள்.
"உயிர் வருமா?" என்றார்.
"ஸ்பீக்கர் எங்கே?" என்றேன்.
பெட்டிக்குள் எலி குட்டி போட்டு வளர்த்துப் போன
காகிதத் தூள்தான் இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மரைச் சிம்மக்கல்லில் புதிதாகச் சுற்றக் கொடுத்தேன்.
வீங்கிய கண்டென்சர்கள் ஐந்தையும் பிடுங்கினேன்.
அழுக்குக்கு அடியில் ஓர் ஒட்டுநாடா,
பென்சிலில் டோரீன் என்று ஒரு பெயர்.
எந்த ஊர் ஃபாக்டரியோ.
அவள் வைத்த ஈயம் இன்னும் பளபளக்கிறது.
பின்னால் வந்தவன் வைத்தது
காக்கா எச்சம்.

சீரிஸில் குண்டு பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.
எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட்.
பளிச்சென்று எரிந்தது. பிறகு மங்கி
மூக்குத்தி அளவுக்கு ஒடுங்கியது.
வால்வுகளுக்குள் செம்மஞ்சள் ஏறியது.

இதை வெறும் வாயோடு ஓட விடக் கூடாது.
டிரான்சிஸ்டர் பெட்டி தனியாகக் கிடக்கும், கவலைப்படாது.
இது கேட்க ஆளில்லாமல் பேசினால்
பேச்செல்லாம் திரும்பி வந்து
தன்னையே எரித்துக்கொள்ளும்.
அதனால் எட்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டி
ஆள் இருக்கிறது என்று
பொய் சொல்லி வைத்தேன், மூன்று நாள்.

நெல்பேட்டை அஸ்கர் சவுண்ட் சர்வீஸில்
பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு கிடைத்தது.
இரண்டும் பதினாறு ஓம்.
ஒன்று அழகர் ஆற்றில் இறங்கும் நாளெல்லாம்
போலீஸ் பந்தலில் இருந்ததாம்:
பச்சைச் சட்டை, மூன்று வயசு,
பெயர் கேட்டால் அழுகிறான்.
மற்றது வில்லாபுரம் மண்டபத்தில் மொய் வாசித்தது:
அச்சம்பட்டி தாய்மாமன், ஐயாயிரத்து ஒன்று.

பதினாறும் பதினாறும் பக்கத்தில் நின்றால் எட்டு.
சேரச் சேரக் குறைகிற கணக்கு.
பென்சில் செல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும்,
கோன் முன்னால் குதித்தால் அதுதான் பிளஸ்.
மாற்றிக் கட்டினால்
ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகும்.
சத்தம் இருக்கும், அடிவயிறு இருக்காது.

எனக்குப் பத்துக்கு ஏழு பொருத்தம் என்று
திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டினார்கள்.
பதினாறும் பெறச் சொன்னார்கள்.
இரண்டு வருஷம்.
யாரும் பென்சில் செல் கொண்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
மகால் தெருவில் என் மாடியறையில் யூஜின் வாசித்தார்.
மொய் ஸ்பீக்கர் கனமாகப் பேசியது.
ஆற்றங்கரை ஸ்பீக்கர் கொஞ்சம் எட்டி நின்று
யாரையோ கூப்பிட்டது.
அவர் தடித்த நரம்பை இழுத்து விட்டபோது
கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. தெரு இருண்டது.
எதிர்வீட்டு டிவி வாக்கியத்தின் பாதியில் செத்தது.
அந்த ஒலி மட்டும் போகவில்லை.
நான் மாற்றிய கண்டென்சர்களில் மிஞ்சியதைத் தின்று,
ஆறாத வால்வின் சூட்டில்,
இரண்டு செகண்ட், மூன்று,
பிறகு எப்போது நின்றது என்று
இருவருக்குமே தெரியவில்லை.

இருட்டில் அவர் பெட்டியின் பின்பக்கம் கை நீட்டினார்.
"தொடாதீங்க," என்றேன். "இன்னும் இருக்கும் உள்ளே."

வில்லாபுரத்தில் லேசாக ஒரு கரகரப்பு.
நாளைக்குப் பார்க்க வேண்டும்.