பழுது

வடக்குப் பாலச் சடக்கில்
விடுதியின் மூன்றாம் மாடி. சுவரெல்லாம் கம்பளி.
ஜன்னல் சாத்தி, விரிசலில் பஞ்சு திணித்திருந்தோம்.
பகல் முழுக்க எங்களோடு சேர்ந்து அவிந்தது.

துரைக்கும் பாட்டுக்கும் நடுவே நான்,
துபாஷி சவரிராயன், நாளுக்கு ஒன்றரை வெள்ளி.
பேசுவது பாதி வேலை.
மீதி, பாடுகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு
குரல் உச்சிக்குப் போனால் பின்னால் இழுப்பது,
இறங்கினால் தகரப் புனலின் வாய்க்குள் தள்ளுவது.

மெழுகுத் தட்டு கருப்பட்டி நிறம்.
அது இளகாமலிருக்க
வெள்ளையப்பன் சாக்கில் ஐஸ் சுமந்தான்,
படியெல்லாம் சொட்டச் சொட்ட.

முதல் நாள் சீனக் கூத்து. சேகண்டியைத் தாழ்வாரத்துக்கு விரட்டினோம்.
மறுநாள் மலாய்க்காரர், பிடிலோடு.
மூன்றாம் நாள் அஞ்சுகம்,
நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த நாடக செட்டின் ராஜபார்ட்.
மீசை அழித்த இடம் இன்னும் கருத்திருந்தது.

"மூன்று நிமிஷம்தான்" என்றேன்.
"தொண்டையைச் செருமவே அது பத்தாதே."
ஆனாலும் சரணத்தை நறுக்கிப் பாடினாள்.
கடைசியில் பேரும் ஊரும் சொல்ல வேண்டும்,
சீமையில் அச்சடிப்பவனுக்கு
எது யார் குரல் என்று எப்படித் தெரியும்?
"அஞ்சுகம், சிங்கப்பூர்" என்றாள்.
நாகப்பட்டினம் என்பாள் என்றிருந்தேன்.

பிறகு, "நான் கேக்கணும்."

மெழுகை ஒருமுறை ஓட்டினால் முள் உழுதுவிடும்,
அப்புறம் தட்டு இல்லை, வெறும் சேறு. சொன்னேன்.
எட்டு மாசத்தில் கப்பலில் வரும். அதையும் சொன்னேன்.
"அப்ப நான் ரங்கூனோ, பினாங்கோ.
ஊரே கேக்கும், நான் கேக்க மாட்டேனா?"
இருபது வெள்ளியை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

துரை பணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
முள்ளை மாற்றினார்.

கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவள்போல்
புனலுக்குள் தலை நுழைத்துக் கேட்டாள்.
மெழுகு தேங்காய்த் துருவலாய் உதிர்ந்தது.
நடுவில் ஒருமுறை சிரித்தாள்.
ஒருமுறை, "சுதி விலகுது பாரு."
அஞ்சுகம், சிங்கப்பூர்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.
திரும்பப் பாடச் சொல் என்று துரை என்னை விரட்டினார்.
ஓடினேன். ரிக்‌ஷா கிளம்பிவிட்டது.
உண்மையில் நான் ஓடவில்லை, நடந்தேன்.

கம்பெனிக் கணக்கில் அந்த எண்ணுக்கு நேரே
'பழுது' என்று என் கையெழுத்து.

நாலாம் நாள் மழை.
கூரைத் தகரம் ஓயும்வரை
யாரையும் பதிய முடியவில்லை.