மேட்டில் ஏறும் நீர்

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும் டாக்டர்,
என்கிறார் ஹெல்தூர்.
தார்த்து நகரில் நாற்பது வருடம் குழாய் போட்டவர்.
திரையில் அவருடைய ஸ்கேன்:
இரண்டு கன்னங்களுக்குள்ளும் வெள்ளை,
காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில்.

வலது பக்கம் ஏற்கெனவே ஒருவர் புகுந்த வீடு.
முர்மன்ஸ்க், கப்பற்படை மருத்துவமனை,
அப்போது இவருக்கு இருபது வயது.
மேலுதட்டைத் திரைபோல் தூக்கி
ஈறுக்கு மேலே கீறி
உளி, சுத்தி.
வலிக்கவில்லை, கேட்டது:
பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்,
பக்கத்து வீடு நான்தான்.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன்.
தேங்கினால் அடியில் ஓட்டை போடு,
நானும் அன்று அதைத்தான் செய்திருப்பேன்.
ஆனால் இந்தக் குகையின் சுவரெல்லாம்
கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள்
ஒரே திசையில் துடுப்புப் போடுகின்றன.
அடியில் புது வாசல் திறந்தே கிடந்தாலும்
அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு
சளி மேட்டில் ஏறுகிறது,
மிளகு நுழையத் திணறும்
அந்தப் பிறவி வாசலுக்கு.

அப்போ அந்த ஓட்டை?
வீண் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.
உதட்டைத் தடவிக்கொண்டார்.
அன்று மரத்தது. சூப் வழிந்தால்
இன்னும் மனைவிதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மூக்கு வழியே போனேன்.
முகத்தில் கத்தி படவில்லை.
சாய்ந்து பார்க்கும் ஒரு லென்ஸ்,
கொக்கிபோல் ஒரு மெல்லெலும்பு, அதை விலக்கினால்
பழைய வாசல், வீங்கி மூடிக் கிடந்தது.
அதையே அகலமாக்கினேன், இரண்டு பக்கமும்.
புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

இடதில் பூஞ்சை உருண்டை,
ஈரக் களிமண்போல் பிய்ந்து பிய்ந்து வந்தது.
நடுவே வெள்ளையாய் ஒரு துணுக்கு:
எந்தப் பல் வைத்தியரோ வேருக்குள் அடைத்த சிமெண்ட்
தளத்தைத் துளைத்து மேலே வந்திருக்கிறது.
செவிலி லேலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாவது வாரம்.
கழற்றி மாட்டிய கோட்டை மறுபடி எடுத்து
முகர்ந்து பார்த்தார்.
நாய் வாடை, என்றார், என்மேல் கோபமாக.
இதைப் போட்டுக்கொண்டா
ஊரெல்லாம் சமையலறைகளுக்குள் போனேன்?
ஒருவர்கூடச் சொல்லவில்லையே.

எனக்கும் தெரியும், நானும் சொல்லவில்லை.

மூக்கு கழுவ உப்புநீர்க் குப்பி கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மூடியின் வாஷரை நகத்தால் நெம்பினார்.
இது ஒழுகும், என்றார்.
ஒழுகியது.