ஆறாவது லேன்

நாலாவது லேன் பவ்யா கேட்டாள்,
மெட்டு எப்படிப் போடுவது என்று.
நான் போட்டதே ஒன்றரைதான்.
ஆனாலும் சொல்கிறேன்.

கீபோர்டு வாங்காதே.
தவணையில் நான் வாங்கியது
கட்டிலுக்கடியில் உறையோடு கிடக்கிறது.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில், இரவு ஷிப்டில்,
உனக்கும் எனக்கும் சுதி இனாம்.
ஸ்டிக்கரைப் படிக்கும் கருவி
பென்ஸானாலும் மினி டெம்போவானாலும்
ஒரே சுரத்தில்தான் கூவுகிறது.
அதை ‘ஸ’ என்று வைத்துக்கொள்.
மறுக்க யாருமில்லை.

தாளம் வேகத்தடையில் இருக்கிறது.
காருக்குத் தக், தக்.
பத்துச் சக்கர லாரிக்குத் தக்... தகதக்.
சந்தூர் மாம்பழம் ஏற்றிய வண்டியென்றால்
கடைசித் தட்டு கொஞ்சம் தள்ளாடி விழும்.
அந்தத் தள்ளாட்டத்தைத் திருத்தாதே.

மூன்றே சுரம் எடுத்தேன்.
நான்காவதற்குக் கை துறுதுறுத்தது,
சில்லறை எண்ணி அடக்கினேன்.
வந்ததை அப்போதே போனில் முனகிவிடு.
ஷிப்ட் முடியட்டும் என்றால்
மெட்டு சூளகிரி தாண்டியிருக்கும்.
என் பதிவில் முதல் ஐந்து நொடி
யாரோ ஒருவர் என்னைத் திட்டுகிறார்.
அழிக்கவில்லை.
உள்ளே நுழைய நல்ல வாசல் அது.

காலையில் கேட்டால் அசிங்கமாக இருக்கும்.
எந்த பஸ்ஸிலோ கேட்டது போலவும் இருக்கும்.
இருந்துவிட்டுப் போகட்டும். தூங்கு.

பிறகு ஒரு வியாழக்கிழமை
ஸ்டிக்கரில் காசில்லாமல் நின்றது ஒரு சிமெண்ட் லாரி.
டிரைவர் ரீசார்ஜ் செய்யும்வரை,
பின்னால் ஹாரன்கள் குவியக் குவிய,
கூண்டுக்குள் அதையே முனகிக்கொண்டிருந்தேன்.
கிளீனர் பையன் கதவில் தொங்கியபடி பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் அதே லாரி.
தக்... தகதக்.
சீட்டியடித்தபடி வருகிறான்.
என் மெட்டு!
வேலூர் வரை போய்த் திரும்பிய என் மெட்டு.
ஆனால் தப்பு.
மூன்றாவது சுரத்தில் நான் இறங்குமிடத்தில்
அவன் ஏறிவிட்டான்.
ஏறியவன் அங்கேயே நின்று
மூச்சு வாங்கிக்கொண்டான்.

அப்படியில்லை தம்பி, என்று
கண்ணாடியைத் தள்ளி வாயெடுத்தேன்.
பீப்.
தடுப்புக் கம்பி எழுந்துவிட்டது.

நீயே இரண்டையும் பாடிப் பார், பவ்யா.
என்னுடையது முடிந்துபோகிறது.
அவனுடையது
இன்னும் வரிசையில் நிற்கிறது.

ஒன்றரை என்றேனே,
அந்த அரை அவன் போட்டது.
பேர் தெரியாது.
வண்டி எண் குறித்து வைத்திருக்கிறேன்.