நம்பத்தகாத கருவி

கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
கையுறையோடே தொட்டேன்.
திரை அசையவில்லை.
பிர்னோவில் மைனஸ் ஒன்பது.

பழைய போன்தான். ரட்மிலாவின் தம்பி
ஆயிரத்தெண்ணூறு கொருனாவுக்குக் கொடுத்தான்.
கம்பெனி போட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு
ஊர்பேர் தெரியாத பத்துப் பேர்
ராத்திரிகளில் எழுதிய வேறொன்றை ஏற்றியிருந்தான்.
"இனி நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று
யாருக்கும் தெரியாது" என்றான்.
சிரித்துவிட்டேன்.
நான் தண்டவாளத்தில் போகிறவள்.
எங்கே போகிறேன் என்று ஊருக்கே தெரியும்.

ஆனாலும் வாங்கினேன்.
அதுவரை எல்லாப் போனும் விலேமின் கணக்கில்.
ரொட்டிக்கடையில் பத்து நிமிடம் நின்றால்
ஏன் நின்றாய் என்பான்.
வக்கீல் வீட்டு மாடிப்படியில் நின்ற அன்று
ஒன்றும் கேட்கவில்லை.
அவன் வரைபடத்தில் நான் இல்லை.

வங்கிச் செயலிதான் முதலில் முகத்தைத் திருப்பியது.
*இந்தக் கருவி நம்பத்தகுந்தது அல்ல.*
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னைப் பற்றி ஒருவரிடமும் வாய்திறக்காத ஒன்று
நம்பத்தகாததாம்.
சரி என்று வங்கிக்கே நடந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பெண்
என் அடையாள அட்டையை நகலெடுத்தாள்.
மை மங்கலாம், இன்னொரு தரமும்.

போன மாதம் ரட்மிலாவின் தம்பி
கடன் திருப்பித் தராதவன் போல் குரலைத் தாழ்த்தினான்.
"உள்ளே சிப்புக்கு வருகிற ஒட்டு மார்ச்சோடு நின்றுவிட்டது.
கம்பெனிதான் தரணும். எங்களால் முடியாது."
எனக்குப் புரிந்தவரை,
ஜன்னலுக்குத் திரை இருக்கிறது.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

அல்ஷ்பியெட்டாவுக்குப் பதினொரு வயது.
மேற்கையில் சர்க்கரை பார்க்கும் வில்லை.
அது கம்பெனி போனோடு மட்டும்தான் பேசும்.
வேறு வழி? புதிதாக ஒன்று வாங்கினேன், தவணையில்.
அவள் தின்ற கசகசா பன்,
புரண்டு படுத்த நேரம்,
கணக்குப் பரீட்சையன்று ஏறின சர்க்கரை
எல்லாம் எந்த நாட்டு அலமாரியிலோ
அடுக்கடுக்காய்ப் போய்ச் சேர்கிறது.
படிக்காமல் 'சம்மதம்' தட்டவில்லை.
நாற்பத்தோரு பக்கம். படித்துவிட்டுத்தான் தட்டினேன்.
தெரிந்தே அவள் தலைமாட்டில்
வேவுக்காரனைப் படுக்கவைத்திருக்கிறேன்.

நேற்று மூன்று பத்துக்கு அது அலறியது.
ஓடினேன். அவள் நெற்றி நனைந்து ஜில்லென்றிருந்தது.
ஆப்பிள் சாற்றைக் குழலோடு வாயில் வைத்தேன்.
பாதித் தூக்கத்தில் உறிஞ்சினாள்.
நிறுத்தினாள்.
"யாரும்மா எழுப்பினது?"

"நான்தான்" என்றேன்.

என் கவுன் பையில் ஊமை போன்
யாரிடமும் சொல்லாமல்
மணி மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.
அதுவும் நாலு நிமிடம் பிந்தி.