இருபத்தாறு அங்குலம்

கைப்பையில் குடை, மாத்திரை, ஒரு இன்ச் டேப்.
சக்கரத்தின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு
என் அகலம் இருபத்தைந்து.
விரல்முட்டி சிராய்க்காமலிருக்க இன்னும் ஒன்று.
ஆக, இருபத்தாறு அங்குலம் கேட்கிறேன்
இந்த நகரத்திடம்.

"படியே இல்ல மேடம்" என்றார் புரோக்கர் கன்னியப்பன்.
வில்லிவாக்கத்தில் போய் இறங்கினால்
மூன்று.
"இதெல்லாம் ஒரு படியா?" என்று
நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
ஏறிக்கொண்டே இருப்பவர்களுக்கு
படி கண்ணில் படாது.
"ரெண்டு பேர் பிடிச்சா தூக்கிடலாம்."
அந்த ரெண்டு பேர்
எந்த அறையில் தங்குவார்கள் என்று கேட்டேன்.
சிரித்தார். நானும்தான்.
ஆட்டோவுக்கு நூற்றெண்பது.

மடிப்பாக்கத்தில் லிஃப்ட் உண்டு.
லிஃப்டுக்குப் போக ஏழு படி.
வெள்ளம் வந்துபோன பிறகு
அங்கே வீடுகளெல்லாம்
புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தூண்மேல் நிற்கின்றன.

ஆதம்பாக்கத்தில் எல்லாம் சரி.
சரிவுகூட இருந்தது, பைக் ஏற்றுவதற்காகப் போட்டது.
கூடம் அகலம். அடுப்பு மேடை தாழ்வு.
குளியலறைக் கதவு இருபத்து மூன்று.
இரண்டு முறை அளந்தேன்,
டேப்பைக் கொஞ்சம் ஏமாற்றிப் பிடித்துக்கூட.
"என் செலவுலயே இடிச்சுப் பெரிசாக்கிக்கறேன்."
வீட்டுக்கார அம்மா சுவரைத் தடவினார்,
ஊசி போடப் போகும் பிள்ளையின் தலையைப் போல.
பிறகு அந்தக் கேள்வி:
"கூட யாரு இருப்பாங்க?"
"நான் இருப்பேன்."
"அது சரி. கூட?"

கொளத்தூரில் தம்பி வீட்டில்
எனக்கு ஒரு குறையுமில்லை.
கேட்கும் முன்பே தண்ணீர் வந்துவிடுகிறது,
தாகம் எடுக்கத்தான் நேரமில்லை.
நான் உருளும் சத்தம் கேட்டால்
மூன்று பேர் எழுந்து வழிவிடுகிறார்கள்.
முப்பத்தெட்டு வயதில் எனக்கு வேண்டியது
பாலைப் பொங்கவிட்டு
யாருக்கும் தெரியாமல் துடைப்பது.
ராத்திரி பதினொன்றுக்கு வந்து
கதவை நானே திறந்து
விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் இருப்பது.

பதினேழாவது வீடு பெரம்பூரில்.
"உங்களுக்குப் பிடிக்காது, பள்ளத்து வீடு" என்று
வேண்டாவெறுப்பாகத்தான் காட்டினார் கன்னியப்பன்.
பழைய தாரைச் சுரண்டாமல்
மேலே மேலே ரோடு போட்டதில்
தெரு வளர்ந்து வளர்ந்து
வாசலின் நாலு படியையும் விழுங்கியிருந்தது.
நிலைப்படியைக் கரையான் தின்றபோது
சிமெண்ட் பூசி மட்டமாக்கிவிட்டார்களாம்.
உள்ளே போனேன்.
யாரும் பிடிக்கவில்லை.
சக்கரத்துக்கு ஒரு சின்ன 'டக்'கூட இல்லை.
கூடத்து நடுவில் போய் நின்ற பிறகுதான்
நுழைந்துவிட்டேன் என்று தெரிந்தது.

வீட்டுக்காரர் சேவியர்,
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்.
"நவம்பர்ல தண்ணி வரும்மா, மறைக்க மாட்டேன்.
அதான் வாடகை கம்மி."
டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார்.
குளியலறைக் கதவு இருபத்தெட்டு.
வெந்நீர் அண்டா உள்ளே போகட்டும் என்று
அவர் அப்பா வைத்த அகலமாம்.
எனக்காக யோசித்தவர் யாருமில்லை,
அண்டாவுக்காக ஒருவர் யோசித்திருக்கிறார்.
போதும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.
"தண்ணி வந்தா என்னக்கா பண்ணுவே?" என்கிறான் தம்பி.
பயம் எனக்கும் இருக்கிறது.
ஆனால் அன்றைக்கு
தெரு மொத்தமும் என்னைப் போலத்தான்
வெளியே போக வழி எங்கே என்று
பார்த்துக்கொண்டிருக்கும்.

சேவியர் மூன்று சாவி தந்தார்.
"ஒண்ணு தம்பிகிட்ட இருக்கட்டும்."
தலையாட்டிவிட்டு
மூன்றையும் இன்ச் டேப்புக்குப் பக்கத்தில் போட்டேன்.

முனைக் கடையில் காலையிலேயே தீர்ந்துவிடுமாம்,
இப்போதே சொல்லிவைக்க வேண்டும்:
பால், அரை லிட்டர்.
பச்சைப் பாக்கெட்.